இரையின் தாகம்

வீட்டில் வளர்க்கப்படும் ஊர்வனவற்றுள் சிறுத்தைப் பல்லி, தாடி ஓணான், பச்சோந்தி போன்றவை உயிருள்ள பூச்சிகளை உண்டு வாழ்பவை. அவற்றுக்கு இரையாக்குவதற்கென்றே பண்ணைகளில் பெருக்கப்படும் சுவர்க்கோழி, தென்னமெரிக்காவைச் சேர்ந்த டூபியா கரப்பான், மாவுப்புழு ஆகியவை உணவுப் பூச்சிகள் எனப்படும். வளர்ப்போர் பல்லியின் நீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கழுவி நிரப்பினாலும், இந்தப் பூச்சிகள் காத்திருக்கும் பெட்டியில் தவிட்டைத் தூவியதோடு கடமை முடிந்ததாகக் கருதிவிடுகின்றனர். சுவர்க்கோழியோ உணவின்றிச் சில நாள்கள் தாக்குப்பிடித்தாலும் நீரின்றி அத்தனை நாள் தாங்காது. வெப்பமான அறையில் அதன் முடிவு இன்னும் விரைந்து வரும்.

பூச்சியின் தாகம் பூச்சியோடு நின்றுவிடுவதில்லை. நல்ல நிலையில் உள்ள சுவர்க்கோழியின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடும், மாவுப்புழுவின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடும், பட்டுப்புழுவின் எடையில் 80 விழுக்காட்டுக்கு மேலும் நீரே என்பதால், பத்து கிராம் சுவர்க்கோழியைத் தின்னும் ஓணான் அதனுடன் சுமார் ஏழு கிராம் நீரையும் பெறுகிறது. நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துக்குரிய தாடி ஓணானும், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளின் வறண்ட பாறைச் சரிவுகளில் வாழும் சிறுத்தைப் பல்லியும், நிலையான நீர்நிலை அரிதாக உள்ள இடங்களில், தமக்கு வேண்டிய நீரின் பெரும்பங்கை இரையிலிருந்தே எடுத்துக்கொள்பவை. பச்சோந்தியின் நிலை வேறு. இலையிலிருந்து சொட்டும் துளியை நக்கிக் குடிக்கும் அது, கிண்ணத்தில் அசைவற்று நிற்கும் நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. ஊர்வன தம் உடலின் நைட்ரசன் கழிவை யூரிக் அமிலமாகக் கெட்டியாக்கி வெளியேற்றுவதால் நீரைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன என்றாலும், நீர்வறட்சி நீடிக்கும்போது அதே அமிலத்தின் உப்புகள் சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படிந்து கீல்வாதத்தை உண்டாக்கும். சுருங்கிய பூச்சிகளையே வாரக்கணக்கில் தின்னும் பல்லி இந்த ஆபத்தை நோக்கி நகர்கிறது.

பூச்சி ஏன் இவ்வளவு விரைவில் வற்றுகிறது என்பதற்கு அதன் உடலமைப்பே விடை தருகிறது. உடல் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிடும்போது அதன் மேற்பரப்பு மிகுதியாகும். நீர் ஆவியாகும் வழியும் அதற்கேற்ப அகலும். இதைத் தடுக்கவே பூச்சியின் புறத்தோட்டின்மேல் மெல்லிய மெழுகுப் படலம் உள்ளது. ஆயினும் மூச்சுக்காக விலாவில் திறக்கும் சிறு துளைகளின் வழியே நீராவி வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். சட்டை உரிக்கும் காலத்தில் இக்கட்டு இன்னும் கூடுகிறது: உடல் நீரின் அழுத்தத்தால் பழைய தோட்டைப் பிளந்து வெளிவர வேண்டிய இளம்பூச்சி, நீர் குறைந்திருந்தால் பாதி உரித்த சட்டைக்குள் சிக்கி மடியும். தாகமுற்ற சுவர்க்கோழிகள் அப்போதுதான் சட்டை உரித்த மெல்லுடல் கூட்டாளிகளைத் தின்னத் தொடங்குவதும் உண்டு. அவற்றுக்கு அது உணவு, நீர் இரண்டுமாகிறது.

இவ்விதிக்கு மாவுப்புழு வியப்பான விலக்கு. அதன் கழிவுநீக்கக் குழல்கள் குடலின் பின்பகுதியோடு ஒட்டிப் பின்னிக் கிடப்பதால், எச்சத்திலுள்ள நீரைக் கடைசிவரை உறிஞ்சிக்கொள்ள முடிகிறது. அதுமட்டுமன்றி, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 88 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீராவியையே அது உடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வறண்ட தவிட்டுக்குள் அது உயிரோடு கிடப்பதைக் கண்டு அதற்கு நீரே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறு, ஏனெனில் பிழைத்திருப்பது வேறு, இரையாகும் அளவுக்குக் கொழுத்திருப்பது வேறு.

ஆகவே நீர் தர வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் பூச்சிக்கு வேண்டியது குடிநீரே தவிர ஈரமான இருப்பிடம் அல்ல. தட்டில் நீரை ஊற்றி வைத்தால் சுவர்க்கோழி மூழ்கிச் சாகும். அதன் மூச்சுத் துளைகள் விலாவில் இருப்பதால், தலை நீருக்கு மேலே இருந்தாலும் பயனில்லை. நீரில் நனைத்த பஞ்சு மூழ்குவதைத் தடுக்கும். ஆனால் எச்சமும் உணவுத் துணுக்கும் ஒட்டி ஓரிரு நாளில் பாக்டீரியா பெருகி நாறும். தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வீங்கும் பாலிமர் ஜெல் மணிகள் இதைவிடத் தூய்மையானவை. தோட்டத்துக்கென விற்கப்படும் மணிகளில் உரம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்த்தல் நலம். சமையலறையில் உள்ள சைனா கிராஸ் எனும் அகர்-அகரைக் காய்ச்சி உறையவைத்தாலும் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும், விரைவில் கெடும் என்பதுதான் குறை. முதிர்ந்த பெண் சுவர்க்கோழி ஊசிபோன்ற தன் முட்டையிடும் உறுப்பை ஈரமான எதிலும் செருகிவிடும் என்பதால், வளர்ப்பவர் குடிக்க வைத்ததை அது தொட்டிலாக்கிக்கொள்வதும் நேரும்.

எளிய வழி காய்கறிதான். கேரட்டில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர் இருப்பதோடு, அது எளிதில் குழைந்துபோகாமல் நீரை மெல்ல மெல்லத் தருகிறது. டூபியா கரப்பானுக்கு ஆரஞ்சுத் துண்டு மிகவும் பிடித்தமானது. பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்ட காய் பூச்சியையே கொல்லும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், கழுவித் தோல் சீவாமல் போடுவோர் பலர். பச்சை ஏறிய உருளைக்கிழங்கில் சோலனைன் என்னும் நச்சு இருப்பதால் அதையும் ஒதுக்க வேண்டும். துண்டுகளைத் தவிட்டுக்குள் புதைக்காமல் மேலே வைத்து, மறுநாளே எடுத்துவிட வேண்டும். தவிடு நனைந்தால் பூஞ்சணமும், கண்ணுக்குப் புழுதிபோல் தெரியும் தானியச் சிற்றுண்ணிகளும் படையெடுக்கும். பூச்சிகள் ஏறி ஒளியும் முட்டை அட்டைகள் உலர்ந்தே இருக்க வேண்டும், மூடியில் வலை வேண்டும். காற்றோட்டமற்ற ஈரப்பெட்டியில் கழிவிலிருந்து எழும் அம்மோனியா, தாகத்தைவிட வேகமாகக் கொல்லும்.

பூச்சிகள் கூட்டமாகச் சாவதற்கெல்லாம் தாகமே காரணம் என்று கொள்வதும் பிழை. 2002 முதல் ஐரோப்பியப் பண்ணைகளில் வீட்டுச் சுவர்க்கோழிகளை அழித்த டென்சோ வைரஸ், சில ஆண்டுகளில் வட அமெரிக்காவுக்கும் பரவிப் பல பண்ணைகளை முடக்கியது. அந்நோயுற்ற பூச்சிகள் செயலிழந்து மல்லாந்து கிடக்கும். நீர் வைத்தாலும் தேறுவதில்லை.

இரையாக்குவதற்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரம் பூச்சிக்குத் தரமான உணவும் நீரும் கொடுத்து, அதன் குடலை நிரப்பும் முறை உண்டு. தாகத்தோடு இருக்கும் பூச்சி உலர்தீவனத்தை விரும்பித் தின்னாது என்பதால், நீரின்றி இம்முறை பலிக்காது. பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைந்திருப்பதால் அவற்றின்மேல் கால்சியத் தூளைத் தூவுவதும் வழக்கம், ஆனால் அந்தத் தூள் எவ்வகையிலும் நீருக்கு மாற்றாகாது.

கவனிக்கப்படாத இன்னொரு கட்டமும் உள்ளது. பல்லி தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகள் அதன் கூண்டிலேயே இரவு முழுதும் சுற்றினால், நீரும் உணவும் தேடி, உறங்கும் பல்லியின் கண்ணோரத்தையும் விரல் நுனிகளையும் கொறித்துப் புண்ணாக்கிவிடும். மிச்சப் பூச்சிகளை எடுத்துவிடுவதே முறை. எடுக்க முடியாதபோது கூண்டின் மூலையில் ஒரு துண்டு கேரட்டாவது வைத்துவிட வேண்டும்.