சாரல் காலத்தில் குற்றாலத்தில் தங்கப் போகிறீர்களா?

ஆனி பிறந்து விட்டால் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் ஒரே கேள்விதான்: "தண்ணி விழுதா?" எந்தத் தண்ணீர், எங்கே விழுகிறது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. தென்காசியில் சம்பந்தி வீடு இருந்தால் அவர்களுக்குப் போன் பறக்கும். "விழுது மதினி, நேத்து ராத்திரியிலேருந்து நல்லா விழுது. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று பதில் வந்ததும் வீட்டில் மூட்டை கட்ட ஆரம்பித்து விடுவார்கள்.

காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவையில்லை. கைக்குழந்தை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், முழங்கால் வலிக்கார மாமியார் என்று ஒரு குடும்பத்தையே கூட்டிக் கொண்டு இரண்டு, மூன்று நாள் தங்கப் போகிறீர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். குற்றாலம் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான மலைவாசஸ்தலம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு அடி சொச்சம்தான். பின் எப்படி அங்கே அந்தக் குளிர்ச்சி? எல்லாம் காற்றின் கைங்கர்யம். தென்மேற்குப் பருவக் காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு ஆரியங்காவு கணவாய் வழியாக இந்தப் பக்கம் நுழைகிறது. அதுதான் சாரல். வெயில் ஒரு கண்ணும் மழை ஒரு கண்ணுமாக, நனைந்ததும் தெரியாமல் காய்ந்ததும் தெரியாமல் பகல் போய்விடும். அதே நேரத்தில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற திருநெல்வேலியில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

ஜப்பானிலும் இதே கதை உண்டு. நீகாத்தா மாகாணத்தில் யுசாவா என்று ஒரு ஊர். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக் கொண்டு வந்து மலையில் மோதுகிறது. அங்கே ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் நீல வானமும் வறண்ட வெயிலும்! டோக்கியோக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி அங்கே போய், பனியில் சறுக்கி விளையாடி, வெந்நீர் ஊற்றில் குளித்து, ஓட்டலில் தங்கித் திரும்புகிறார்கள். நமக்குக் குற்றாலம், அவர்களுக்கு யுசாவா.

அந்த ஊர் ஓட்டல்களில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பனியில் நனைந்த கோட்டு, பூட்ஸ், கையுறை எல்லாவற்றையும் மாட்டி வைக்க, வெப்பக் காற்று ஓடும் தனி அறை வைத்திருப்பார்கள். காலையில் எடுத்தால் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். குற்றாலத்தில் ஆண்டாண்டு காலமாக ஜனங்கள் நனைவதற்கென்றே வருகிறார்கள். ஆனால் நான் தங்கிய எந்த விடுதியிலும் துணி உலர்த்த ஒரு அறை கண்டதில்லை! கொடிக் கயிறு கேட்டால் கூட, "பால்கனியில போடுங்கம்மா" என்று சொல்லி விடுவார்கள். பால்கனியில் போட்ட துணி சாரலில் மறுபடி நனையும்; நனையாததைக் குரங்கு எடுத்துக் கொண்டு போகும்.

தங்கும் இடம்

சீசன் என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. சனி, ஞாயிறிலும் ஆடி அமாவாசையிலும் வாடகை எகிறும். கூட்டத்தில் கால் வைக்க இடம் இராது. செவ்வாய், புதன் என்று வார நடுவில் போனால் பணமும் மிச்சம், அருவியில் நின்று குளிக்கவும் முடியும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பொதிகை எக்ஸ்பிரசில் ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் வழியாகப் பஸ் இருக்கவே இருக்கிறது. (2019 நவம்பர் 22-ம் தேதியிலிருந்து குற்றாலம் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. எங்களுக்கென்னவோ இன்னும் 'திருநெல்வேலி குற்றாலம்'தான்.)

லாட்ஜா, நாள் வாடகை வீடா என்று கேட்டால், சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு வீடுதான் என்பேன். அடுப்பு இருக்கும், நேரத்துக்குக் கஞ்சி காய்ச்சலாம், பால் காய்ச்சலாம், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றலாம். கோடைக்குப் பின் திடீரென்று ஆயிரக் கணக்கில் ஜனம் வந்து இறங்கும் ஊரில் குடிநீர் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? "மூலிகைத் தண்ணீர்தானே" என்று அருவி நீரைப் பாட்டிலில் பிடித்துக் குழந்தைக்குக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். மேலே காட்டில் மானும் குரங்கும் திரிகிற வழியாக வருகிற தண்ணீர் அது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து விடுவது உத்தமம். மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈர வாடை, பூசண வாடை வந்தால், வீசிங் உள்ள பிள்ளையை அந்த அறையில் படுக்க வைக்கக் கூடாது. பால்கனிக் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையுமா? மாடிப்படி வழவழப்பான கல்லா? ஈரக்காலோடு ஓடி வருகிற பிள்ளைகளுக்கு அருவியை விட மாடிப்படி ஆபத்து. குளியலறை ஜன்னலும் வெளிக்காற்றுக் குழாயும் சரியாக மூடியிருக்கின்றனவா, புதிதாக ஏதாவது பொருத்தி இருக்கிறதா என்றும் ஒரு நோட்டம் விட்டு விடுங்கள். கட்டிலில் உருளுகிற வயதுக் குழந்தைக்குத் தரையில் சமுக்காளம் விரித்து மெத்தை போட்டு விடுங்கள். ஜப்பானில் பெரிய மனிதர்களே விடுதியில் பாய்த் தரை மீது மெத்தை விரித்துத்தான் படுக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் கௌரவம் பார்க்க வேண்டும்?

வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டியவை: நைலான் கயிறு, ஒரு டஜன் கிளிப், பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. துணியை நன்றாகப் பிழிந்து அறைக்குள்ளேயே மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிப் போடுங்கள். ஈரச் செருப்புக்குள் காகிதத்தைத் திணித்து வைத்தால் பாதி ஈரத்தை அதுவே உறிஞ்சி விடும். குழந்தைக்கு வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு சட்டை என்றால் இங்கே பத்து வேண்டும்.

இப்போது அருவிக்கு வருவோம்

பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று ஊரைச் சுற்றிலும் தண்ணீர்தான். மலைக்கு மேலே செண்பகாதேவி, தேனருவி. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே ஏறக் கூடாது. பேரருவி அத்தனை உயரத்திலிருந்து நேரே தலையில் விழுந்தால் நாம் என்ன ஆவோம்? நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து கீழே வருகிறது. அதனால்தான் நாம் தலை கொடுத்து நிற்க முடிகிறது.

சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவியும் சிற்றருவியும் போதும். பேரருவிக்குக் கூட்டிப் போனாலும் ஓரத்தில் சிதறுகிற தூவானத்தில் நிறுத்துங்கள். அதுவே அவர்களுக்குக் கொண்டாட்டம். கைக்குழந்தையை அருவிக்குள் கொண்டு போவது கூடவே கூடாது. உச்சிக்குழி மூட ஏறக்குறைய ஒன்றரை வயது ஆகும், கழுத்தும் பிஞ்சு. அறையில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி வைத்து விட்டு, யாராவது ஒருவர் அதனோடு இருந்து, மற்றவர்கள் முறை மாற்றிப் போய் வாருங்கள். இதில் அம்மாவுக்கும் ஒரு முறை உண்டு என்பதை வீட்டுக்காரர்களுக்கு நினைவூட்டுங்கள்! மூன்று நாள் குற்றாலத்தில் இருந்துவிட்டு ஒரு நாள் கூடத் தலை நனைக்காமல் திரும்பிய தாய்மார்கள் எத்தனை பேர்!

கர்ப்பிணிகளுக்குத் தண்ணீரை விடப் பாசிதான் பகை. வழுக்கினால் பிடிக்க ஆள் இருந்தும் பயனில்லை. கரையில் நின்று சாரலை அனுபவியுங்கள்.

"சளி பிடிச்சிரும்னு அத்தை வைதாவ" என்று ஒரு தம்பி மனைவி என்னிடம் குறைப்பட்டாள். குளிர்ந்த நீர் தானாகச் சளியை உண்டாக்குவதில்லை. சளி ஒரு கிருமியால் வருவது. ஒரே அறையில் பத்துப் பேர் கதவைச் சாத்திக் கொண்டு படுத்தால் ஒருவர் சளி எல்லோருக்கும் வரும். ஆனால் குழந்தையின் உடம்பு நம்முடையதை விடச் சீக்கிரம் சூட்டை இழந்து விடும். உதடு நீலம் பாரித்தாலோ பல் தந்தி அடித்தாலோ, எத்தனை அழுதாலும் வெளியே தூக்கி, ஈர உடையை உடனே கழற்றி, துவட்டி, உலர்ந்த துணியில் சுற்றி அணைத்துக் கொள்ளுங்கள். காதில் சீழ் வந்த பிள்ளைகள் டாக்டரைக் கேட்காமல் தலையைக் காட்ட வேண்டாம்.

பெண்களுக்குத் தனி இடம் உண்டு. புடவையோடு போகாதீர்கள், நனைந்த புடவை காலைச் சுற்றி இழுக்கும். சுடிதாரே சௌகரியம். தாலிக்கொடியை ரவிக்கையோடு ஊசி குத்திக் கொள்ளுங்கள். மற்ற நகைகளை வீட்டிலேயே வைத்து விட்டு வாருங்கள். ஒரு காலத்தில் எண்ணெய் தேய்த்துக் கொண்டு போய் அருவியில் நிற்பதுதான் குற்றாலக் குளியல். இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. நல்லதுதான். நாம் கரைத்து விடுகிற சோப்பு சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலந்து, கீழே உள்ள ஊர்க்காரர்களின் குடத்துக்குத்தானே போகிறது? ஜப்பானியர் வெந்நீர்த் தொட்டியில் இறங்குவதற்கு முன்னாலேயே வெளியே உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவி விடுவார்கள். பொதுத் தண்ணீரில் அழுக்கோ நுரையோ சேரக் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

தண்ணீர் நிறம் மாறினால்...

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக் கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவனை அது அடித்துக் கொண்டு போய் விட்டது. அவன் நம் திருநெல்வேலிப் பிள்ளை, மாணவன். மே மாதம், சீசன் கூடத் தொடங்கவில்லை.

மழை மேலே மலையில் பெய்யும். கீழே நிற்கிற நமக்கு ஒரு துளி விழாது. அதுதான் இந்த அருவிகளின் அபாயம். தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால், சருகும் குச்சியும் அடித்து வந்தால், இரைச்சலின் சுருதி மாறினால், துண்டையும் செருப்பையும் தேடாமல் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு கரையேறி, படிகளைத் தாண்டி மேடான இடத்துக்குப் போய் விடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே, ஒரே ஒரு முழுக்கு" என்று அவர்களிடம் கெஞ்சுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பனிமலை ஊர்களில் காற்று பலத்தால் மேலே ஏற்றிச் செல்லும் லிப்டையே நிறுத்தி விடுவார்கள். வந்தவர்கள் அறைக்குத் திரும்பிச் சூடாக நூடுல்ஸ் சாப்பிடுவார்கள்.

அருவிக்குப் போக முடியாத நாளை வீணான நாளாக நினைக்க வேண்டாம். குற்றாலநாதர் கோயிலுக்குப் போகலாம். சித்திர சபையின் சுவரோவியங்களைக் குழந்தைகளுக்குக் காட்டிக் கதை சொல்லலாம். நடராஜரின் ஐந்து சபைகளில் சித்திர சபை இங்கே. தாமிர சபை நம் திருநெல்வேலியில். ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் இது. ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவருடைய விருந்தினராக வந்து தங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டுச் சமையல்கட்டில் இருந்தவர்களைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் முதலில் நான் வாங்கிப் படிப்பேன்.

அப்புறம் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான் இரண்டும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ரம்புட்டான் கொட்டை தொண்டையில் சிக்கக் கூடியது, சிறுசுகளுக்குச் சதையை மட்டும் பிய்த்துக் கொடுங்கள். துரியான் பழத்தைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்று சொல்லி மலை விலைக்கு விற்பார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பழமாக நினைத்துச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்து ஏங்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் ஒரு சுளையோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். அருவியில் குளித்தால் சர்க்கரை இறங்கும், பிரஷர் இறங்கும் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மனசு லேசாகும், பசி எடுக்கும், நல்ல தூக்கம் வரும். இவை நிச்சயம். மாத்திரை மாத்திரைதான்.

பசி என்றேனே, அது சாதாரணப் பசி இல்லை! செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாவுக்கு ஆண்கள் கிளம்பி விடுவார்கள். முதல் நாளைக்குப் புளியோதரையும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொண்டு போங்கள். கரை ஓரத்தில் பிரிக்காதீர்கள். குரங்குகள் பொட்டலச் சத்தத்துக்கே வந்து விடும். குரங்கு கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஊசி பற்றிக் கேளுங்கள்.

குளித்து வந்ததும் குடிக்க எங்கள் வீட்டுச் சுக்கு காப்பி: கொத்தமல்லி விதை நாலு ஸ்பூன், தட்டிய சுக்கு ஒரு விரல் அளவு, மிளகு பத்து, ஏலக்காய் இரண்டு. வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து, புறப்படும் முன்பே டப்பாவில் அடைத்துக் கொள்ளுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடியும் இரண்டு துண்டு கருப்பட்டியும் போட்டு, ஒன்றரை டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டவும். பிள்ளைகளுக்கு மிளகைக் குறைத்துக் கொஞ்சம் பால் விட்டுக் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம். தாய்ப்பால் குடிக்கிறவர்களுக்கு அதுவே போதும்.