நனையாத பை ஒன்று நம் வீட்டில் இருக்கட்டும்!



பாடசாலை விடுமுறை விட்டதும் பிள்ளைகள் நம்மைச் சும்மா இருக்க விடுவார்களா? "உம்மா, கிரகரி வாவிக்குப் போவோம், போட் ஓடுவோம்" என்று ஒரு பக்கம். "கிண்ணியாவில் மாமி வீட்டுக்குப் போவோம், கடலில் குளிப்போம்" என்று மறுபக்கம். வாப்பாமார் வானுக்குச் சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் வேலை முடிந்தது. உடுப்பு, சாப்பாடு, மருந்து, குழந்தையின் பால் போத்தல், முஸல்லா என்று மூட்டை கட்டுவது நம் தலையில்தான்!

அந்த மூட்டையை எதில் கட்டுகிறோம்? கடையில் கொடுத்த ஷொப்பிங் பேக், கொழும்பிலிருந்து வந்த பழைய ட்ரவலிங் பேக், மேலே ஒரு பொலித்தீன். நம் உடப்புசல்லாவையிலோ மழைக்குக் காலநேரம் கிடையாது. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கச் சரிவுகளில்தான் கொட்டித் தீர்க்கிறது. மற்ற மாதங்களிலும் மூடுபனியே பாதி உடுப்பை ஈரமாக்கிவிடும். ராகலை, கந்தப்பளை தாண்டி நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் வான் கூரைமேல் கட்டிய பை என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போட்டில் ஏறினாலோ, முகாம் அடித்துத் தங்கினாலோ கேட்கவே வேண்டாம். நனைந்த உடுப்போடு மஃரிப் தொழ நிற்கும் சங்கடத்தை எத்தனை பேர் அனுபவித்திருப்போம்!

பயணத்துக்குப் பை கட்டுவது சின்ன வேலை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத் புறப்பட்டபோது உணவுப் பையையும் தண்ணீர்த் துருத்தியையும் ஆயத்தம் செய்தவர் அஸ்மா (ரலி) அவர்கள். வாயைக் கட்டக் கயிறு கிடைக்காமல் தம் இடுப்புக் கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். அதனால்தான் அவர்களுக்கு 'தாத்துன் நிதாகைன்', இரு கச்சை உடையவர், என்ற பெயர். பைக்கு வாய்க்கட்டுதான் முக்கியம் என்பது அந்தக் காலத்திலும் அப்படித்தான், இந்தக் காலத்திலும் அப்படித்தான்.

கடையில் "வாட்டர் புரூப்" என்று எழுதியிருக்கும் பைகளில் பெரும்பாலானவை சிறு தூறலைத்தான் தாங்கும். வாங்குமுன் பையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் பாருங்கள். மூட்டு ஓரத்தில் நூல் தையல் ஓடுகிறதா? அப்படியென்றால் ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு துளை. துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் அந்த வழியாக வரும். நனையாத பையில் மூட்டுகளைச் சூடாக்கி ஒட்டியிருப்பார்கள். நூலே தெரியாது, பட்டையான ஒரு கீற்றுத்தான் தெரியும். தைத்த பையாயிருந்தால் தையலின் மேல் உள்ளே நாடா ஒட்டியிருக்கிறதா என்றாவது பாருங்கள்.

துணி விஷயத்தில் நம் மலையகத்துப் பெண்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கு கட்டிக் கொட்டும் மழையில் கொழுந்து பறிக்கும் சகோதரிகளைக் கேட்டால், எது தாங்கும், எது இரண்டு மாதத்தில் கிழியும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். லொறிக்கு மூடும் பி.வி.சி. படங்குதான் இந்தப் பைகளுக்கும் பொதுவான துணி. பாரம் கொஞ்சம் கூட, ஆனால் பாறையில் உரசினாலும் லேசில் கிழியாது. நைலோன் துணியில் டி.பி.யு. பூசிய பைகள் இலேசானவை, குளிரிலும் விறைக்காதவை, விலைதான் கூட. 'டெனியர்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம் என்பதுதான் அதன் பொருள். எண் கூடினால் நூல் தடிப்பு. 500 இருந்தால் வீட்டுத் தேவைக்குத் தாராளம்.

இனி வாய். சாதாரண ஜிப் வைத்த பை தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. காற்றே புகாத ஜிப்பும் உண்டு. ஆனால் அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், மணல் புகுந்தால் அதுவும் கெட்டுப்போகும். நமக்கு ஏற்றது வாயைச் சுருட்டி மூடும் பைதான். நிறைய அடைக்காமல் மேலே கால் பங்கு இடம் விடுங்கள். காற்றைக் கொஞ்சம் வெளியேற்றி, வாயை நேராகப் பிடித்து, குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டி, பிறகு கொக்கியை மாட்டுங்கள். ஒரு சுற்றோடு விட்டால் மூடாததற்குச் சமம். உள்ளே மிஞ்சும் காற்றால் பை தண்ணீரில் மிதக்கும், பிடித்து எடுக்கலாம்.

ஐ.பி.எக்ஸ். என்ற அடையாளமும் சிலவற்றில் இருக்கும். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீச்சும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே போகாது. எழுதியிருப்பதை நம்பிவிடாமல் வீட்டிலேயே சோதியுங்கள். பழைய பத்திரிகைத் தாளை உள்ளே போட்டு மூடி, வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடியுங்கள். தாள் ஈரமானால் பையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அளவு? 10 லீற்றர் பை பத்திரங்களுக்கும் போனுக்கும் மருந்துக்கும் போதும். 30 லீற்றரில் இரண்டு மூன்று பேரின் மாற்றுடுப்பு அடங்கும். ஒரே பெரிய பையை விட இரண்டு சிறியவை நல்லது. ஈர உடுப்பையும் காய்ந்ததையும் ஒன்றாகப் போடாமல் தப்பிக்கலாம். தோளில் மாட்ட இரண்டு பட்டி இருக்கட்டும், குழந்தையைத் தூக்கக் கை வேண்டுமே! நிறம் மஞ்சளோ செம்மஞ்சளோ ஆகட்டும். கறுப்புப் பை இருட்டில் கண்ணுக்குத் தெரியாது.

போட்டில் ஏறும்போது மட்டும் ஒன்றை மறக்காதீர்கள். பைக்கு முன் உயிர்காப்பு அங்கி. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மவுத்தானதை நம் சமூகம் எளிதில் மறக்காது. ஆளுக்கொரு அங்கி இல்லையென்றால் பிள்ளை எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள்.

உல்லாசப் பயணத்துக்கு இத்தனை பேச்சா என்று கேட்பீர்கள். இந்தப் பைக்கு இன்னொரு வேலை இருக்கிறது, நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களை உலுக்கியது; நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உயிர் தப்பியோர் உடுத்திய உடுப்போடு வெளியேறினால், பிறகு வருவது பத்திரங்களைத் தேடும் அலைச்சல். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையின் அடையாள அட்டைக்கும் பாடசாலைக்கும் எத்தனை தடவை பிரதேச செயலகத்துக்கு ஏறி இறங்க வேண்டும்! தோட்டத்து லயனில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. காவின் பதிவில்தான் உங்கள் மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்து காதி நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால் அந்தக் கடதாசிதான் உங்களுக்காகப் பேசும். அது எங்கே இருக்கிறது என்று இப்போதே உங்களுக்குத் தெரியுமா? "அவர் வைத்திருப்பார்" என்று சொல்லாதீர்கள், எடுத்துப் பாருங்கள்.

ஆகவே, மழைக்காலம் தொடங்கியதும் சிறிய பையில் இவற்றை வைத்துவிடுங்கள்: அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், காவின் பதிவு, வங்கிப் புத்தகம், காணி அல்லது வீட்டுப் பத்திரம், கிளினிக் கொப்பி, ஒரு கிழமைக்கான மருந்து, டோர்ச், கொஞ்சம் பணம், ஒரு தொழுகை உடுப்பு. பத்திரங்களைத் தனியாக ஒரு பொலித்தீன் உறையிலும் போடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தாலோ, கிராம உத்தியோகத்தர் வெளியேறச் சொன்னாலோ இந்தப் பையை மாத்திரம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

பையைப் பராமரிப்பதும் நம் கையில்தான். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, வாயைத் திறந்தபடி நிழலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் போட்டுத் துடைத்தால் பூச்சு கெட்டுவிடும். எப்போதும் ஒரே மடிப்பில் வைத்தால் அந்த இடம் வெடிக்கும், அதனால் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். கத்தி, அடுப்பு போன்றவற்றைத் துணியில் சுற்றாமல் உள்ளே போடாதீர்கள். இறாக்கை மூலையில் வைத்தால் எலி கடிக்கும். கதவுக்குப் பக்கத்தில், பிள்ளைக்கும் கையெட்டும் உயரத்தில் ஆணியடித்து மாட்டிவிடுங்கள்.