பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் மடிக்கணினியின் மாதிரியை அறிவோம்

மடிக்கணினி பழுதடைந்தால், நிறுவனத்தின் பெயரையும் திரையின் அளவையும் மட்டும் சொல்லிச் செலவு எவ்வளவு என்று விசாரிப்பது நம்மில் பலரின் வழக்கம். ஊரையும் தெருவையும் சொல்லிக் கதவு எண்ணைச் சொல்லாமல் விடுவதற்கு இது ஒப்பாகும். ஒரே வரிசைப் பெயரில் ஆண்டுதோறும் புதிய மாதிரிகள் வெளிவருகின்றன. ஒன்றன் திரை இணைப்பில் 30 முனைகளும் மற்றொன்றில் 40 முனைகளும் இருக்கக்கூடும். டிடிஆர்4 நினைவகம் டிடிஆர்5 நினைவகத்திற்குரிய இடத்தில் பொருந்தாது. முன்பணம் செலுத்தி வரவழைத்த உதிரிபாகம் பொருந்தாவிடில், பணமும் நாள்களும் வீணாகும்.

சரியான மாதிரியை அறிவது எளிது. முதலில் கணினியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். டெல் கணினிகளில் 'சர்வீஸ் டேக்' என்னும், எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு இடக் குறியீடும், எச்பி கணினிகளில் 'புராடக்ட் நம்பர்' என்பதும், லெனோவோ கணினிகளில் 'மெஷின் டைப்' என்பதும் துல்லியமான அடையாளங்கள். எழுத்துகள் அழிந்திருந்தால், விண்டோஸ் தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறந்து, 'சிஸ்டம் மாடல்' என்னும் வரியைக் காணலாம். ஆப்பிள் கணினியில் இடது மேல்மூலையிலுள்ள ஆப்பிள் சின்னத்தைச் சொடுக்கி, 'அபவுட் திஸ் மேக்' பகுதியைத் திறந்தால் போதும்.

கணினி முற்றிலும் செயலிழந்துவிட்டால் திரைவழியே எதையும் பார்க்க இயலாது. ஆகவே, நன்கு இயங்கும்போதே மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்து, கொள்முதல் ரசீதுடன் பாதுகாத்து வைப்பது நலம். உத்தரவாதக் காலம் எஞ்சியுள்ளதா என்பதை வரிசை எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். செலவு செய்யும் முன் இதை அறிவது அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சேவை மைய எண்ணைத் தேடுபொறியில் தேடும்போது போலி எண்கள் கண்ணில்படலாம். மாதிரியைக் கண்டறிய உதவுவதாகக் கூறி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். மாதிரியை அறிய அத்தகைய செயலி எதுவும் தேவையில்லை. கடவுச்சொல்லோ ஓடிபியோ தேவையே இல்லை. பணம் இழக்க நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைப்பதுடன், தங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

கணினியை ஒப்படைக்கும் முன் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொற்களை நீக்குங்கள். பெறும் ரசீதில் மாதிரி எண், வரிசை எண், மாற்றவுள்ள பாகம், மதிப்பிட்ட செலவு ஆகிய நான்கும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்த பிறகே முன்பணம் செலுத்துங்கள்.