எழுத்தறியாதோரும் மனத்திறன் சோதனையும்

ஞாபகமும் கவனமும் குன்றியுள்ளனவா என்பதைச் சில கேள்விகளால் அறிவது மனத்திறன் சோதனையாகும். 1975-இல் அமெரிக்காவில் வெளியான 30 மதிப்பெண் சோதனை பல நாடுகளில் வழங்கி வருகிறது. அதில் வாக்கியம் எழுதவும், கண்களை மூடும்படி எழுதியிருப்பதைப் படித்து அவ்வாறே செய்யவும் வேண்டும். பள்ளி செல்லாத முதியவர் இவற்றில் தவறினால், அது நோயின் அறிகுறியா, கல்லாமையின் விளைவா என்று கூற இயலாது.

ஆகவே, ஹரியானா மாநிலம் பல்லப்கர் பகுதிக் கிராமவாசிகளுக்கென ஹிந்தி வடிவம் ஒன்று அமைக்கப்பெற்று, 1995-இல் வெளியாயிற்று. இதில் சோதிப்பவர் கண்களை மூடிக் காட்ட, முதியவரும் அவ்வாறே செய்வார். எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி வாயால் கூறுவார்.

எனினும், குறைந்த மதிப்பெண் நோய் நிர்ணயமன்று; மருத்துவரிடம் அனுப்புதற்குரிய குறிப்பேயாகும். குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அறியாத மொழியில் கேட்ட கேள்விக்கு விடையளிக்காத பிள்ளையை மந்தபுத்தியுடையதெனக் கொள்ளலாகாது.