ஆறாவது எழுத்தில் ஒரு பிழை

‘அறம்’ என்னுஞ் சொல்லில் ஓரெழுத்து மாறினால் ‘அரம்’ ஆகிவிடுகின்றது. முன்னது மாந்தர் வாழ்வை நெறிப்படுத்துவது. பின்னது இரும்பை அராவுவது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவதற்குத் தமிழாசிரியர்கள் படும் பாட்டை நான் நன்கறிவேன். ஆயின், எழுத்தொன்று மாறப் பொருள் முற்றும் மாறிப்போதல் மொழிக்கு மட்டும் உரிய இயல்பன்று. நம் குருதியிலும் ஒரு மொழி உண்டு. அம்மொழியில் நேரும் ஓரெழுத்துப் பிழை, ஓர் உயிரை வாழ்நாள் முழுவதும் வருத்தவும் வல்லது, மாய்க்கவும் வல்லது. அத்தகைய பிழையொன்று கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றையும், அதன்வழித் தோன்றிய ஒரு புதிய அறிவியற்றுறையின் போக்கையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

நோயின் இருப்பிடம்

நோய் எங்கே உறைகின்றது? இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை பகர்ந்துள்ளது. வாதம், பித்தம், கபம் என்பவற்றின் ஏற்றத்தாழ்வில் நம் முன்னோர் அதனைக் கண்டனர். 1761 இல் இத்தாலியரான மோர்காக்னி, பிணங்களை அறுத்தாராய்ந்து, நோய் உடலுறுப்புக்களில் உறைகின்றது என்றார். 1858 இல் ஜெர்மானியரான விர்க்கோ, உறுப்புக்களை ஆக்கும் நுண்ணிய கலங்களிலேயே அது தொடங்குகின்றதென நிறுவினார். 1949 இல் இத்தேடல் கலத்தையுங் கடந்து, மூலக்கூற்றின் வாயிலைச் சென்றடைந்தது.

அதற்கு வழிகாட்டியது ஒரு விந்தையான குருதி நோய். 1904 ஆம் ஆண்டின் இறுதியில், கிரனடாத் தீவிலிருந்து சிக்காகோ நகருக்குப் பல்மருத்துவம் பயில வந்த இருபது வயது மாணவனொருவன், இருமலும் காய்ச்சலும் உற்று மருத்துவமனையை அடைந்தான். அவன் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கியபொழுது, வட்டத் தட்டுப்போல் இருக்கவேண்டிய செங்குருதிக் கலங்கள் பல, அரிவாள் போல வளைந்திருக்கக் காணப்பட்டன. டொக்டர் ஜேம்ஸ் ஹெரிக் 1910 இல் இதனை வெளியிட்டார். அம்மாணவனோ படிப்பை முடித்துத் தன் தீவுக்கு மீண்டு, பல்மருத்துவனாகத் தொழில் புரிந்து, 1916 இல் இளமையிலேயே இறந்துபட்டான். தன்னை வருத்தியது யாதென அவனும் அறியான். அவனுக்கு மருத்துவஞ் செய்தோரும் அறியார்.

மின்சாரம் பகர்ந்த சான்று

கலங்கள் ஒட்சிசனை இழக்கும்பொழுதே அரிவாள் வடிவம் பெறுகின்றன என்பதை, கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்து இரசாயனப் பேரறிஞர் லைனஸ் போலிங் 1945 இல் மருத்துவர் ஒருவர் வாயிலாகக் கேள்வியுற்றார். ஒட்சிசனைச் சுமப்பது கலத்தினுள் இருக்கும் ஈமோகுளோபின் என்னும் புரதம். ஆகவே, குற்றம் கலத்தில் இல்லை, அப்புரதத்தில்தான் இருத்தல் வேண்டும் என அவர் உய்த்துணர்ந்தார்.

உய்த்துணர்வை மெய்ப்பிக்கும் பணி ஹார்வி இற்றானோ என்னும் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் யப்பானிய மரபினரான அமெரிக்கர். போர்க்காலமாகிய 1942 இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் தலைசிறந்த மாணவருக்குரிய பதக்கத்தை இவருக்கு வழங்கிற்று. அதனை நேரிற் பெற இவர் அங்கு இருக்கவில்லை. யப்பானிய மரபினர் என்ற ஒரே காரணத்தால் அரசு இவரைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியிருந்தது. அத்தகையவர், ஈமோகுளோபின் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, அப்புரதம் நகரும் வகையை அளந்தார். நோயாளரின் ஈமோகுளோபின் ஒருவாறு நகர்ந்தது. நலமுடையோரது வேறுவாறு நகர்ந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறையைப் பெற்று, நோயின்றி வாழ்வோரின் குருதியில் இருவகையும் கலந்திருந்தன. போலிங்கும் இற்றானோவும் மற்றிருவரும் 1949 இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘மூலக்கூற்று நோய்’ என்னுந் தொடர் இடம்பெற்றது.

விரற்பதிவு

வேறுபாடு உண்டென்பது தெரிந்தது. எங்கே என்பது தெரியவில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. இருபது வகை அமினோ அமிலங்களே அதன் நெடுங்கணக்கு. ஈமோகுளோபினில் நான்கு சங்கிலிகளும் அவற்றில் மொத்தம் 574 அமினோ அமிலங்களும் உள.

கேம்பிரிட்ஜில் இப்புதிரை அவிழ்த்தவர் வெர்னன் இன்கிராம். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து 1938 இல் இங்கிலாந்துக்கு ஏதிலியாக வந்தவர் இவர். திரிப்சின் என்னும் நொதியத்தால் ஈமோகுளோபினைச் சிறு துண்டுகளாக்கினார். நாம் உண்ணும் பருப்பையும் மீனையும் குடலிற் சமிக்கச் செய்வதும் இதே நொதியந்தான். அத்துண்டுகளின் கரைசலை ஒரு வடிதாளில் இட்டு, ஒரு திசையில் மின்சாரத்தாலும், அதற்குச் செங்குத்தான திசையில் கரைப்பானாலும் பரவச்செய்து, பின் சாயமூட்டினார். தாளில் ஏறத்தாழ முப்பது புள்ளிகள் தோன்றின. நலமான புரதத்தின் தாளையும் நோயுற்ற புரதத்தின் தாளையும் ஒப்பிட்டபொழுது, ஒரேயொரு புள்ளி மட்டும் இடம்பெயர்ந்திருந்தது. இம்முறைக்கு அவர் இட்ட பெயர் ‘விரற்பதிவு’. இது நிகழ்ந்தது 1956 இல். மறு ஆண்டில் பிழையும் வெளிப்பட்டது. 146 எழுத்துக்கள் கொண்ட பீற்றாச் சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளூற்றாமிக் அமிலம் இருக்கவேண்டும். நோயாளரில் அவ்விடத்தில் வலீன் இருந்தது.

இத்துணைச் சிறு மாற்றம் இத்துணைப் பெருந்துயர் விளைத்தல் எங்ஙனம்? குளூற்றாமிக் அமிலம் மின்னேற்றம் உடையது, நீரோடு இணங்குவது. வலீனோ எண்ணெய்போல் நீரை வெறுப்பது. ஒட்சிசன் நீங்கியதும் அவ்வலீன் அயலிலுள்ள ஈமோகுளோபினின் குழிவொன்றிற் சென்று பொருந்துகின்றது. அது மற்றொன்றைப் பற்ற, அது பிறிதொன்றைப் பற்ற, மூலக்கூறுகள் பதினான்கு புரியுள்ள கயிறுகளாகத் திரண்டு கலத்தையே வளைத்துவிடுகின்றன. விறைத்த கலங்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. தாங்கொணா நோவு எழுகின்றது. 120 நாள் வாழவேண்டிய கலம் பத்திருபது நாளில் மடிகின்றது. அதனால் குருதிச்சோகை உண்டாகின்றது.

ஒரு புரதத்திலிருந்து புரதத் தொகுதிக்கு

இங்குத் தெரிந்த ஒரு புரதத்தில் ஒரு பிழையே இருந்தது. பெரும்பாலான நோய்கள் இத்துணை எளியன அல்ல. எப்புரதம் கூடிற்று, எது குறைந்தது, எது உருத்திரிந்தது என முன்கூட்டியே அறியவியலாது. அந்நிலையில், ஒரு கலத்திலோ குருதியிலோ உள்ள புரதங்கள் அனைத்தையும் ஒருங்கே ஆராயவேண்டியதாயிற்று. 1994 இல் அவுஸ்திரேலியரான மார்க் வில்கின்ஸ் அம்முழுமைக்கு ‘புரோத்தியோம்’ எனப் பெயரிட்டார். புரதத் தொகுதி என நாம் அதனை வழங்கலாம்.

மனிதனின் பரம்பரையலகுகள் அனைத்தும் அறியப்பட்டபின் இது எதற்கு என மாணவர் வினவக்கூடும். வாற்பேத்தையையும் தவளையையும் நோக்குக. இரண்டிற்கும் பரம்பரையலகுகள் ஒன்றே; எனினும் ஒன்று வாலால் நீந்துகின்றது, மற்றொன்று காலால் தாவுகின்றது. அவற்றின் ஈமோகுளோபின்கூட வெவ்வேறானது. பரம்பரையலகு ஏட்டில் எழுதிய நாடகம். புரதங்களே மேடையேறும் நடிகர். எந்நடிகர் எக்காட்சியில் வந்தார் என்பதை ஏட்டை மட்டும் புரட்டி அறிதல் இயலாது. மனிதரில் ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகளே புரதங்களுக்கு உரியன. அவற்றினின்று எழும் புரத வடிவங்களோ அதனினும் பன்மடங்கு.

இன்று வடிதாளின் இடத்தைத் திணிவு நிறமாலைமானி பெற்றுள்ளது. புரதம்போன்ற பெரு மூலக்கூறுகளைச் சிதையாமல் நிறுக்கும் வழிகளைக் கண்டமைக்காக ஜோன் ஃபென், கொயிச்சி தனாக்கா ஆகியோர் 2002 இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். வலீன் குளூற்றாமிக் அமிலத்தினும் எடை குறைந்தது. எனவே, ஐதரசன் அணுவை ஒன்றெனக் கொள்ளின், பிழையுற்ற துண்டு ஏறத்தாழ 30 அலகு குறைந்து நிறுக்கும். இன்கிராம் புள்ளியின் இடத்தாற் கண்ட பிழையை இன்றைய கருவி எடையாலேயே காட்டிவிடும்.

ஆயினும் இத்துறையின் வெற்றிகளை மிகைப்படுத்தலாகாது. குருதிநீரில் மிகுதியாயுள்ள புரதத்திற்கும் மிக அரிதாயுள்ளதற்கும் இடையே ஆயிரங்கோடி மடங்கு வேறுபாடு உண்டு. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் முணுமுணுப்பதைத் தனித்துக் கேட்க முயல்வதை இது ஒக்கும். சூலகப் புற்றுநோயைக் குருதிப் புரதங்களின் கோலத்தால் முன்னறியலாமென 2002 இல் வெளிவந்த ஆய்வு பெரும் ஆரவாரத்தை எழுப்பிற்று. பிறர் மீளாராய்ந்தபொழுது, கண்ட வேறுபாடுகள் பல நோயால் வந்தவையல்ல, கருவியையும் மாதிரிகளையும் கையாண்ட முறையால் வந்திருக்கக்கூடியவை எனத் தெரியவந்தது. மறுபுறம், இதயத்தசை சிதைவுறும்போது குருதியிற் கசியும் துரொப்போனின் என்னும் புரதத்தை அளந்தே இன்று மருத்துவர் மாரடைப்பைத் துணிகின்றனர்.

அறிந்ததும் ஆற்றியதும்

என் உள்ளத்தை உறுத்துவது பிறிதொன்று. பிழை 1957 இல் அறியப்பட்டது. அந்நோய்க்கென ஒரு மருந்து, ஐதரொட்சியூரியா, அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1998 இலேயே. பரம்பரையலகைத் திருத்தி, குழவிப் பருவத்து ஈமோகுளோபினை மீளச் சுரக்கச் செய்யும் மருத்துவம் 2023 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை, ஒருவர்க்கு 22 இலட்சம் டொலர். இந்நோயுடன் ஆண்டுதோறும் பிறக்கும் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளிற் பெரும்பாலோர் ஆபிரிக்காவின் வறிய இல்லங்களிற் பிறக்கின்றனர்.

அறிவு அன்பை இழந்தால் எங்குச் சென்று முட்டும் என்பதற்கும் இவ்வரலாறே சான்று. இக்குறையைச் சுமக்கும் இளைஞர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் ஓர் அடையாளம் பச்சைகுத்தப்படல் வேண்டும் என 1968 இல் எழுதியவர், வேறொருவருமல்லர், போலிங்கே. இருவர் ஒருவரையொருவர் விரும்புமுன் அறிந்து விலகட்டும் என்பது அவர் கருத்து. துயரைத் தடுக்கும் நோக்கம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆயின், மரபின் பெயரால் தம் மாணவர் இற்றானோவே முகாமில் அடைபட்டதை அறிந்தவர் அவர். புரதத்தின் பிழையை மனிதனின் பிழையாக எண்ணுதலினும் கொடிய பிழை வேறில்லை என்பது என் துணிபு.

மேலும், இதனைப் பிழையென்று மட்டும் கூறுதலும் பொருந்தாது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இதனைப் பெற்றவரைக் கடும் மலேரியாவிலிருந்து இது காக்கின்றதென அந்தனி அலிசன் 1954 இல் காட்டினார். மலேரியா வாட்டிய நிலங்களில் இது நிலைபெற்றமைக்குக் காரணம் அதுவே. தமிழகத்து நீலகிரியின் பழங்குடியினரிடத்தும் இது உண்டென்பது 1952 இல் அறியப்பட்டது. 2047 ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிக்கும் இயக்கமொன்றை இந்திய அரசு 2023 இல் தொடங்கியது. நம் இலங்கையில் அதனினும் மிகுதியாக வருத்துவது தலசீமியா. குருநாகல் அதன் மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற இடம். இங்குத் தலசீமியாவோடு சேர்ந்து காணப்படும் ஈமோகுளோபின் ‘ஈ’ என்பதும் அதே பீற்றாச் சங்கிலியின் பிழைதான். அங்கு மாறியிருப்பது இருபத்தாறாவது எழுத்து.

இறுதியாக ஒன்று கூறுவேன். இந்நோயுள்ள சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தால் கொடிய தொற்று 84 வீதம் குறையும் என 1986 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. பெனிசிலின் மலிவானது. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு துளிக் குருதியில் நோயைக் கண்டறிதலும் அரிதன்று. அவ்வொரு துளி ஆராயப்படாமையால் எத்தனையோ குழந்தைகள், தம் நோயின் பெயர்கூட வீட்டார்க்குத் தெரியாமல் மடிகின்றனர். 1916 இல் இறந்த அந்தக் கிரனடா மாணவனுக்கு உதவ அன்று உலகில் அறிவு இருக்கவில்லை. இன்று இறக்கும் குழந்தைக்கு அக்காரணத்தை நாம் கூறமுடியாது.