சுழற்சிக்கு ஒரு வரம்பு

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. அது தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போதே சில வேளைகளில் பெல்ட் கழன்று விழுந்துவிடும். இழுக்க வேண்டிய பாரம் திடீரென்று நீங்கிவிட்டால் யந்திரம் வெறிகொண்டு சுழன்று சிதறிவிடும் என்றுதானே எண்ணத் தோன்றும்? அவ்வாறு நிகழவில்லை. ஒரு கணம் உறுமிவிட்டுப் பழைய தாளத்துக்கே திரும்பிவிடும். கவர்னர் என்னும் சாதனம் அதனுள் இருந்ததே காரணம். வேகம் மிகும்போது அதன் குண்டுகள் விலகி, எண்ணெய் வரத்தைக் குறைத்துவிடும். 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரத்திற்குப் பொருத்திய சுழற்குண்டுகளின் வழித்தோன்றல் அது.

கார்புரேட்டர் கொண்ட பழைய சிறு காரில் இத்தகைய காவல் இல்லை. ஓட்டுபவருடைய வலக் காலே அங்குக் கவர்னர். அக்கால் பந்தய ஆர்வமுள்ள ஓர் இளைஞருடையதாயின், வேறு காவல் தேடத்தான் வேண்டும். ரெவ் லிமிட்டர் என்ற பெயரால் கடைகளில் விற்கப்படும் சிறு பெட்டி அந்தக் காவலைச் செய்கிறது. என் பழைய மாணவர் ஒருவர், இன்று சொந்தமாக மோட்டார்ப் பட்டறை நடத்துபவர், பந்தயக் களத்தில் ஓட்டுவதற்காகத் தாம் சீர்செய்துவந்த மாருதி 800 காரில் அதனைப் பொருத்த முற்பட்டார். "ஐயா, கணக்கு சரிதானா என்று தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று அழைத்தார். கணக்கு என்றால் எனக்குக் கால்கள் தாமே நடக்கும், சென்றேன்.

முதலில், சுழற்சிக்கு வரம்பு எதற்கு என்று பார்ப்போம். அந்தக் காரின் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. மூன்று சிலிண்டர்கள் உடையது. ஒவ்வொரு பிஸ்டனும் 72 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் செல்கிறது. நிமிஷத்துக்கு 6,000 சுழற்சி என்றால் விநாடிக்கு 100 சுழற்சி. ஒரு விநாடியில் பிஸ்டன் நூறு முறை மேலேறி, நூறு முறை கீழிறங்குகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் அது நின்று திரும்பியாக வேண்டும். அத்திருப்பத்தில் ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பின் முடுக்கத்தைப்போல் 1,400 மடங்குக்கும் மேற்பட்டது. பிஸ்டன் கால் கிலோ எடையுள்ளது என்று வைத்துக்கொண்டால், கனெக்டிங் ராடின்மேல் 350 கிலோ எடை தொங்குவதற்கு ஒப்பாகும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றியவர்கள் அறிவார்கள்: வேகத்தை இரு மடங்காக்கினால் இழுப்பு நான்கு மடங்காகும். வால்வுகளின் நிலையும் இதுவே. அவற்றைத் திறப்பது கேம் தண்டு, மூடுவது சுருள்வில். விநாடிக்கு ஐம்பது முறை திறந்து மூடும் வால்வை ஓரளவுக்கு மேல் விரைவுபடுத்தினால், சுருள்வில்லால் ஈடுகொடுக்க இயலாது. வால்வு மூடாமல் மிதக்கும். சில எஞ்சின்களில் மேலேறி வரும் பிஸ்டன் அதனை முட்டி வளைத்துவிடும்.

பெட்டி செய்யும் வேலை எளியது. இக்னிஷன் காயிலின் எதிர்முனையிலிருந்து ஒரு கம்பி அதற்குச் செல்லும். அங்கு எழும் துடிப்புகளைப் பெட்டி எண்ணுகிறது. எண்ணிக்கை வரம்பைக் கடந்தால் பொறிகளைத் தடுத்துவிடுகிறது. பொறி இல்லையேல் வெடிப்பு இல்லை, வேகம் தணியும். மின்சாரம் இக்னிஷன் சாவியின் வழியே வர வேண்டும். எர்த் கம்பியை வண்ணப்பூச்சைச் சுரண்டிய வெறும் இரும்பில் முடுக்க வேண்டும். எண்ணும் கம்பி, ஸ்பார்க் பிளக் கம்பிகளை ஒட்டிச் செல்லலாகாது. அவற்றின் உயர் மின்னழுத்தம் இல்லாத துடிப்புகளை எழுப்பி எண்ணிக்கையைக் குழப்பிவிடும்.

பிழை இருந்தது வேறிடத்தில். பெட்டியை எத்தனை சிலிண்டருக்கு அமைப்பது என்று ஒரு திருகி இருந்தது. அது நான்கில் நின்றது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு பொறிகள். எனவே 6,000 என்ற வரம்பைப் பெட்டி நிமிஷத்துக்கு 12,000 துடிப்பு என்றே அறியும். மூன்று சிலிண்டர் எஞ்சினிலோ ஒரு சுழற்சிக்கு ஒன்றரைப் பொறிதான். அங்கு 12,000 துடிப்பு எழ வேண்டுமாயின் எஞ்சின் 8,000 முறை சுழன்றாக வேண்டும். காவலாளி எட்டாயிரம் வரையில் உறங்கிக்கொண்டிருப்பான்! அவ்வேகத்தில் ராடின்மேல் விழும் இழுப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். மாணவர் திருகியை மூன்றுக்கு மாற்றினார். அதன் பின்னும் நான் விடவில்லை. அவரது காரில் சுழற்சிமானி இல்லாமையால் பட்டறையிலிருந்த ஒன்றை இணைத்து, வரம்பை 2,500க்கு இறக்கி, கியர் இல்லாமல் மெல்ல முடுக்கச் சொன்னேன். முள் 2,500இல் நின்று துடித்தது. பிறகே 6,000க்கு ஏற்றினோம்.

லாஞ்ச் கண்ட்ரோல் என்பது அதே பெட்டியில் அமைந்த இரண்டாவது, தாழ்ந்த வரம்பு. கிளட்ச் மிதியின் அடியில் ஒரு சுவிட்சு வைப்பார்கள். மிதி அழுந்தியிருக்கையில் 3,500. காலை எடுத்ததும் 6,000. கிளட்ச் அழுந்திய எஞ்சின், பெல்ட் கழன்ற ஆயில் எஞ்சின் போன்றதுதான். புறப்படும் கோட்டில் நிற்பவர் வலக் காலை முற்றும் அழுத்திவிட்டு இடக் காலில் மட்டும் கருத்தைச் செலுத்தலாம். இதனால் குதிரைசக்தி ஒரு துளியும் கூடுவதில்லை. ஒவ்வொரு புறப்பாடும் ஒரே விதமாக அமைகிறது, அவ்வளவே. எண் மிகுந்தால் டயர் வீணே சுழலும். குறைந்தால் எஞ்சின் திணறும். சரியான எண்ணைக் களத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். கியர் மாற்றும்போதும் கிளட்சை மிதிக்கிறோமல்லவா? அப்போதெல்லாம் தாழ்ந்த வரம்பு குறுக்கிட்டுக் காரை உதறும். ஆகவே மிதிச் சுவிட்சைவிட, ஸ்டியரிங்கில் ஒரு கைப்பொத்தான் வைத்துக்கொள்வதே நலம் என்பது என் கருத்து.

இதற்கு விலையும் உண்டு. பொறி நிற்கும்போதும் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவும். புகைக்குழாயில் சென்று வெடிக்கும். 1995 ஏப்ரல் முதல் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட காட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்குமாயின், அதன் உள்ளீடு சூட்டில் உருகிப்போகவும் கூடும். கிளட்ச் தட்டு தேய்வதைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலைப் பீச்சும் பிற்காலக் கார்களில் கணிப்பொறியே எரிபொருளை நிறுத்தி வரம்பு காப்பதால் இத்தொல்லைகள் குறைவு. எதுவாயினும், இது சாலைக்குரிய பொருளன்று. பொது இடத்தில் அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பந்தயம் ஓட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். பந்தயத்துக்கென்றே செட்டிபாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் களங்கள் இருக்கின்றன.

"இனி எஞ்சினுக்கு அபாயம் இல்லையல்லவா, ஐயா?" என்று கேட்டார் மாணவர். உண்டு என்றேன். மூன்றாம் கியரில் 5,000 சுழற்சியில் விரையும்போது, நான்காம் கியருக்கு மாற்ற எண்ணிய கை தவறி இரண்டாவதில் போட்டுவிட்டது என்று கொள்வோம். இரண்டின் விகிதம் மூன்றைப்போல் ஒன்றரை மடங்காயின், கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் 7,500க்குத் தாவும். பெட்டி பொறியை நிறுத்தத்தான் செய்யும். ஆனால் அவ்வேளையில் எஞ்சினைச் சுழற்றுவது பெட்ரோல் அன்று. ஓடும் காரின் சக்கரங்கள். அவற்றை நிறுத்தும் ஆற்றல் பெட்டிக்கு இல்லை.

மாணவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு காருக்குள் குனிந்து கியர்க் கோலை ஆட்டிப் பார்த்தார். அது தளர்ந்து ஆடியது. அடியில் தேய்ந்திருந்த புஷ்களை மாற்றி, கோல் தன் வழியில் நேராக விழுகிறது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே காரைக் களத்துக்குக் கொண்டு சென்றார்.