சித்திரைத் திருவிழாவுக்குச் செஞ்சிக் கோட்டை போறீங்களா?

செஞ்சி ராஜகிரி மலையில் குடியிருக்கும் கமலக்கண்ணி அம்மனுக்குச் சித்திரையில் திருவிழா. ராஜகிரிக்குக் கமலகிரி என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். குழந்தைகளுக்கும் லீவு, ஒரு நாள் போய் வரலாம் என்று தோன்றும். தாராளமாகப் போங்க. ஆனால் வெயிலைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்க.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பெரும்பாலும் வெறும் பாறை. சித்திரை வெயிலில் பத்து மணிக்கே படிகள் சுட ஆரம்பித்துவிடும். அதனால் ஏறுவதை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் இருக்கட்டும். மேலே போய் வாங்கிக்கலாம் என்று நினைக்காதீங்க. தின்பண்டப் பை வெளியே தெரிந்தால் குரங்குகள் விடாது.

1690 முதல் 1698 வரை முகலாயப் படையையே காக்க வைத்த மலை இது. உங்க பத்து வயசுப் பையன் ஓடியே ஏறிடுவான். முட்டி வலி உள்ள பாட்டியையும் கூட ஏறச் சொல்லலாமா? வேண்டாம். அடிவாரத்திலேயே அரை நாள் பார்க்க இருக்கிறது. அடுக்கடுக்காக உயரும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்க, அடுத்த முறை அங்கே போனால் அவங்களே தேடுவாங்க.

இரண்டு குழுவாகப் பிரிந்தால், எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்று முன்பே பேசிவிடுங்கள். கூட்டத்தில் போன் கிடைக்காமல் போகலாம். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைப்பது நல்லது.

யாருக்காவது மயக்கம், தலைசுற்றல் வந்தால் நிழலில் உட்கார வைத்து, 108-ஐ அழையுங்கள். "செஞ்சிக் கோட்டை" என்று மட்டும் சொன்னால் போதாது. திண்டிவனம் – திருவண்ணாமலை சாலைக்கு ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. எந்த மலை, அடிவாரமா, படியில் பாதி வழியா என்று தெளிவாகச் சொல்லுங்கள். தேர் நாளில் வண்டி உள்ளே வரச் சிரமப்படலாம்; அப்போது அருகில் நிற்கும் காவலரிடமும் சொல்லிவிடுங்கள்.

நுழைவுச் சீட்டை இந்தியத் தொல்லியல் துறை இணையத்தில் எடுக்கலாம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. திருவிழா, தேர்த் தேதி ஆண்டுதோறும் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சுவரில் பெயர் கிறுக்குவது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பையன் கையில் சாவி, ஆணி ஏதாவது இருந்தால் ஏறும் முன்னாடியே வாங்கி வச்சிடுங்க.